சோறு தொடாத மாப்பிள்ளைத் தாய்

மகன், உன் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் என் மானக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றக் கதை ஒன்றும் உனக்கு விளங்காது. நம் குசினிக்குப் பின்னால் கிடுகு வேலி ஓரமாக, அவசரத்துக்கு நான் ஒதுங்குகிற இடம் உனக்குத் தெரியும். தவக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தில் எறும்பு மொய்க்கத் தொடங்கியது. ஒன்றிரண்டு இல்லை, திருவிழாவுக்குச் சனம் வருகிற மாதிரி வரிசை கட்டி வந்தது. தவசு நாளில் கள்ளுத் தொடமாட்டேன் என்று சாமியாருக்குச் சொல்லிவிட்டு உன் அப்பா அந்த வேலிக்குள் கள்ளு முட்டியை ஒளித்து வைத்துக் குடிக்கிறார், சிந்தின கள்ளுக்குத்தான் எறும்பு வருகிறது என்று நான் முடிவு கட்டினேன். முடிவு கட்டினதோடு நின்றேனா? முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மனிசனை அக்கம்பக்கம் எல்லாம் கேட்கப் பிடித்துக்கொண்டேன்.

"தவக்காலத்திலயும் உங்களுக்கு அடங்காதா? வேலிக்குள்ள வச்சுக் குடிச்சாக் கடவுளுக்குத் தெரியாதா?"

"அடியே, நான் குடிச்சா எறும்புக்கு ஏன் மிச்சம் வைக்கப் போறன்?"

நியாயமான பதில்தான். ஆனால் கோபத்தில் இருக்கிற பெண்ணிடம் நியாயம் பேசி ஜெயித்த ஆண் கற்பிட்டியில் இன்னும் பிறக்கவில்லை. இரண்டு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன். அதற்குள் நண்டு வாடிக் கொட்டிலில் நான் மிதித்த சிப்பி என் பாதத்தில் கீறிய புண் ஆறாமல் அழுகத் தொடங்கியது. நொண்டிக்கொண்டு கவர்ண்மெந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயாவை உனக்குத் தெரியாது, நீ கொழும்புக்குப் போன பிறகு வந்தவர், வயசான பறங்கி மனிசன், தமிழ் நன்றாகப் பேசுவார். காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அம்மா, நீங்க ஒதுங்கிற இடத்தில எறும்பு வருதா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். எறும்பு தேடி வந்தது உன் அப்பாவை இல்லை, என்னை. இப்போதும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "இதுதான் என்ட மனிசிட கள்ளுத் தவறணை" என்று எல்லாருக்கும் காட்டுகிறார் உன் அப்பா. நான் பேசாமல் இருக்கிறேன். பேசாமல் இருக்க வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரிலிருந்து கருவாடு கொண்டு வருகிற ஆள் உன்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். நீயும் உடனே கடுதாசி எழுதிவிட்டாய். அதில் இருந்தது ஒரே வரி: "அம்மா, லூசியாட வீட்டில நீங்க சோறு தொடவில்லையாமே, உண்மையா?" கிளாக்கர் வேலை பார்க்கிறவன் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். இராசாவின் தலை போட்ட முத்திரைக்காவது அது மரியாதையாக இருந்திருக்கும். சரி. உண்மைதான் மகன். நான் தொடவில்லை. பெண் வீட்டில் மாப்பிள்ளையின் தாய் முதல் பிடி சோறு எடுத்தால்தான் சம்மந்தம், எடுக்காமல் எழுந்தால் அந்தப் பெண் வேண்டாம் என்று அர்த்தம் என்பது நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தொடாமல் எழுந்தேன். அந்தப் பிள்ளையை உனக்கு எடுக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. எப்படி இரண்டும் உண்மையாக இருக்கும் என்று கேட்பாய். இரு, சொல்லுகிறேன்.

அப்போதிக்கரி ஐயா நான் ஒதுங்கின சலத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் நீலத் தண்ணீர் ஊற்றி, சிறிய விளக்கில் பிடித்துக் காய்ச்சினார். நான் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். நம் கடல் ஆழத்து நீலம். கொதித்ததும் அது பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமாகிவிட்டது. என் உடம்புக்குள் இருந்து வந்த ஒன்று இப்படி வித்தை காட்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பயப்பட வேண்டிய நேரத்தில் நான், "ஐயா, இன்னொருக்காச் செய்து காட்டுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை ஆஸ்பத்திரிக்கு வந்த நோய்க்காரியைப் பார்க்கிற பார்வையாக இல்லை, கூத்துப் பார்க்கக் காசு கொடுக்காமல் புகுந்தவளைப் பார்த்த பார்வை. பிறகு கதிரையில் இருத்தி வைத்துச் சொன்னார். சலரோகம், சலத்தில் சீனி போகிற வருத்தம். கொழும்பில் ஊசி மருந்து இருக்கிறதாம், அது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. எட்டுவது சாப்பாடு மட்டும்தான்.

"சோறு வேண்டாம். பாண் வேண்டாம். இடியப்பம், பிட்டு, மரவள்ளி, கருப்பட்டி, சீனி ஒண்டும் வேண்டாம்."

"அப்ப நான் என்னத்தைத் தின்ன ஐயா? மணலையா?"

"மீன் தின்னுங்க. கொழுப்புள்ள மீனாப் பார்த்துத் தின்னுங்க. முட்டை, இறைச்சி, தேங்காய்ப் பால், நெய், எருமைத் தயிர், முருங்கை இலை. எண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம்."

"அது கலியாண வீட்டுச் சாப்பாடெல்லோ? வருத்தக்காரிக்கு அதையா குடுப்பாங்க?"

"சோறில்லாத கலியாண வீடு அம்மா. அதிலதான் இருக்கு கஷ்டம்."

அந்தக் கஷ்டம் எனக்கு அப்போது விளங்கவில்லை. சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். எண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம் என்றாரே என்று அன்றைக்கே ஒரு கோப்பை தேங்காயெண்ணெயைக் கஷாயம் குடிக்கிற மாதிரிக் கண்ணை மூடிக் குடித்தேன். அதற்குப் பிறகு வேலிக்கும் குசினிக்கும் இடையில் நான் நடந்த நடையை உன் அப்பாதான் ஊருக்குச் சொல்ல வேண்டும், சொல்லியும்விட்டார். நீ எப்போதாவது இந்தச் சாப்பாட்டைத் தொடங்க வேண்டி வந்தால் எண்ணெயைக் குடிக்காதே, மகன். அதில் பொரி. சூடை மீனைச் சுத்தம் செய்து, உப்பும் மிளகும் தடவி, முறுகப் பொரித்து முள்ளோடு தின். தேங்காயைப் பிழிகிறபோது முதல் பாலைத் தனியாக வைத்துக் கடைசியில் ஊற்று, கறி கெட்டியாக இருக்கும், வயிறும் நிறையும். முட்டையை முருங்கை இலையோடு வறுத்தால் நெய் கொஞ்சம் தாராளமாக விடு. தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடித்துப் பழகு. கையில் வைத்துக் கடிக்கிற கருப்பட்டித் துண்டுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சொட்டு ஒன்றைக் கடி. முதலில் உன் வாய் உன்னைத் திட்டும். பிறகு பழகும்.

முதல் கிழமை மட்டும் லேசில் போகாது. தலை இடித்தது. கெண்டைக்கால் இழுத்தது. வாயில் பழம் அழுகின மாதிரி ஒரு மணம். உன் அப்பா தூரத் தள்ளிப் படுத்தார். எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஐயாவிடம் போய்ச் சொன்னேன். உப்புக் குறைந்துவிட்டது, மீன் அவித்த தண்ணீரில் உப்புப் போட்டுக் குடியுங்கள் என்றார். சுற்றிவர உப்பளம் இருக்கிற ஊரில் உப்பில்லாமல் வருத்தப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குடித்தேன், தலையிடி போனது. ஆனால் ஒன்று போகவில்லை. வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு எழுந்தாலும் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. பசி இல்லை, ஆனாலும் குறை. எங்கே இருக்கிறது இந்தக் குறை என்று நான் என்னையே கவனித்துப் பார்த்தேன். வயிற்றில் இல்லை. நாக்கிலும் இல்லை. விரலில் இருந்தது, மகன்! பிறந்ததிலிருந்து சோறு பிசைந்த விரலுக்குப் பிசைய ஒன்றும் இல்லை. அது தவித்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோசம் சொல்ல முடியாது. துருவின தேங்காயில் மீனை உதிர்த்துப் போட்டு, கறி ஊற்றி, அதைப் பிசைந்து தின்றேன். விரல் சமாதானமாகிவிட்டது.

இங்கே உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நீ மீனை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றைப் பீங்கானில் குவித்து வைப்பாய். சோற்றை விடுகிறவன் குடும்பத்துக்கு ஆகமாட்டான் என்று அகப்பைக் காம்பால் எத்தனை தரம் உன் முழங்காலில் போட்டிருப்பேன். இப்போது நானே மீனைப் பொறுக்கிக்கொண்டு சோற்றைத் தள்ளி வைக்கிறேன். உன் அப்பா அகப்பையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருக்கிறார். "பழி வாங்கிறதுக்கு மகன் இல்ல, அவனுக்காக நான்" என்கிறார். அந்த அடிகளுக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, உனக்கு வேறு அடிகளும் பாக்கி இருந்தன. ஆனால் இந்த விசயத்தில் நீ சரியாகத்தான் தின்றிருக்கிறாய்.

இந்தச் சாப்பாட்டைத் தொடங்கினேன் என்று சொன்னேன், சோற்றை விட்டேன் என்று சொல்லவில்லை. கஞ்சி தண்ணீர்தானே, சோறு இல்லையே என்று காலையில் ஒரு கிண்ணம் குடித்தேன். குழாய் மறுபடி செங்கல் நிறமாகிவிட்டது. "கஞ்சி எங்க இருந்து வந்தது அம்மா, கடல்ல இருந்தா?" என்று ஐயா கேட்டார். ஞானஸ்நான வீட்டில் பாற்சோறு வெட்டி வைத்தார்கள், ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு என்று கை போனது. மனிசருக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றமாட்டேன் என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்போதிக்கரி ஐயாவை ஏமாற்றலாம், குழாயைக்கூட இரண்டு நாள் கவனமாக இருந்து ஏமாற்றலாம். அதனால் தலவில் கோயிலுக்குப் போய் அன்னம்மாளின் முன்னால் முழங்காலில் நின்று, கால் ஆறும் வரைக்கும் சோறு தொடமாட்டேன் தாயே என்று நேர்த்தி வைத்தேன். அன்னம்மாளை யாரால் ஏமாற்ற முடியும்? அன்றிலிருந்து என் கை சோற்றுப் பக்கம் போகவில்லை. புண்ணும் ஓரத்தில் காயத் தொடங்கியது.

நேர்த்தி பலிக்கும் முன்னால் அதை வாய் திறந்து சொன்னால் பலன் போய்விடும் என்று நான் கல்யாணம் முடித்து வந்த காலத்தில் என் மாமி சொல்லித் தந்தது என் தலையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. ஆகவே உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று மட்டும் அவருக்குத் தெரியும். இப்படி இருக்கையில்தான் லூசியாவின் வீட்டிலிருந்து, பேச வரலாம் என்று ஆள் வந்தது. நாங்களும் தோணியில் புத்தளத்துக்குப் போய், றெயில் கோச்சி பிடித்துச் சிலாபத்துப் பக்கம் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோசம். முதல் பிடிச் சோறு என்கிற விசயம் என் ஞாபகத்துக்கே வரவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் காலைக் கழுவும்போது அரிசி கொதிக்கிற மணம் வந்தது பார், அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு திரும்பி ஓட முடியுமா?

லூசியாவின் தாய் புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். நிமிர்ந்த நடை. அவளுடைய தமையன், அதாவது பிள்ளையின் தாய்மாமன், சாட்சிக்கு வந்து எங்களுக்கு எதிரே இருந்தார். லூசியா இலை போட்டுச் சோறு வைத்தாள். நாட்டரிசி. ஆவி பறந்தது. சுற்றிவர அறக்குளா மீன் குழம்பு, பன்றி இறைச்சிப் பிரட்டல், முட்டைக் கறி, இறால், சொதி.

"எடுங்க மச்சாள். முதல் பிடி நீங்கதான்."

கை இலைக்குப் போனது. நடுவுக்குப் போகவில்லை, ஓரத்துக்குப் போனது. மீன் துண்டை எடுத்தேன். பிறகு இறைச்சியை எடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற பயத்தில் இன்னும் வேகமாகத் தின்றேன். முட்டை போனது. இறால் போனது. சொதியைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன். உன் அப்பா என் காலை மிதித்தார். நல்ல காலை மிதித்திருந்தாலும் பரவாயில்லை. இலை ஓரம் எல்லாம் துப்புரவாகிவிட்டது, நடுவில் சோறு மட்டும் தீவு மாதிரி நின்றது.

"சோத்தில கல்லு ஏதும் கிடக்கோ மச்சாள்?"

"இல்ல மச்சாள். நல்ல சோறு."

"அப்ப?"

"பசியில்ல."

இதைச் சொல்லும்போது என் வாய்க்குள் இறைச்சித் துண்டு ஒன்று இருந்தது. தாய்மாமன் கையைக் கழுவப் போய்விட்டார். லூசியா என்னைப் பார்த்தாள், கோபமாக இல்லை, ஒரு கணக்கு ஏன் சரி வரவில்லை என்று பார்க்கிற மாதிரி. அவள் தாய் என் இலையைத் தானே எடுத்து மடித்தாள். கோச்சியில் வரும்போது உன் அப்பா, "நீ சம்மந்தம் பேச வந்தியா, கறி தின்ன வந்தியா? ஒரு பிடி தின்டாச் செத்தா போவ?" என்று கேட்டார். நான் வெளியே தென்னந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோபமில்லாத நேரத்தில் அவருக்கு நான் பதில் சொல்லாமல் இருந்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அதிலேயே மனிசன் பயந்துவிட்டார்.

பிறகு நீ கேள்விப்பட்டதெல்லாம் நடந்தது. மாப்பிள்ளைத் தாய் கறியைத் தின்றுவிட்டுப் பெண்ணை வேண்டாமென்று வந்துவிட்டாள் என்று சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் கதை வந்தது. அந்தப் பிள்ளையில் என்ன குறையோ என்று அங்கே சனம் கேட்கத் தொடங்கியதாம். தாய்மாமன் வேறு இடம் பார்க்கிறார் என்றும் சொன்னார்கள். இதைக் கேட்ட அன்று நான் பாதி மீனைப் பீங்கானிலேயே விட்டு எழுந்தேன். என் கால் ஆறுவதற்காக ஒரு குமர்ப்பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிட்டேனே என்று கோயிலுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நொண்டினேன். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பிலிருந்து தொடங்கினேன். அவர் எறும்பை விட்டுவிட்டு வரச் சொன்னார்.

"நேர்த்தியை வெளியில சொன்னாப் பலன் போகுமெண்டு உனக்கு யார் சொன்னது?"

"என்ட மாமி, சாமி."

"வேதப் புத்தகத்தில இருக்கா?"

"அது எனக்குத் தெரியாது. மாமி சொன்னா."

"அன்னம்மாள் உன்ட கையைத்தான் சோத்தில இருந்து கட்டினா. வாயைக் கட்டினது உன்ட மாமி. போய் அவிழ்த்துவிடு. வேணுமெண்டா அந்த நேர்த்தியில இருந்தும் நான் உன்னை விடுதலையாக்கலாம். ஒரு பிடி தின்டிட்டு வா."

இதை நீ கவனமாகக் கேள், மகன். விடுதலை வாங்கியிருந்தால் காரியம் லேசு. ஒரு பிடிச் சோற்றில் நான் செத்துப்போகமாட்டேன் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பிடியில் நிற்கிறவள் நான் இல்லை என்றும் எனக்குத் தெரியும். கஞ்சியும் பாற்சோறும் எனக்கு அதைக் காட்டிவிட்டன. அன்று கல்யாணப் பேச்சுக்கு ஒரு பிடி, நாளைக்குக் கல்யாணத்துக்கு ஒரு பிடி, பிறகு உன் பிள்ளைக்குப் பெயர் வைக்க ஒரு பிடி. அதற்குள் கால் போய்விடும். வேண்டாம் சாமி, சொல்லிவிட்டு வருகிறேன், தின்னமாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்தார். பிறகு, "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் உன்ட சோத்தையும் சேர்த்துத் தின்டிருப்பன்" என்றார். அவருக்கு வந்த கவலை அவ்வளவுதான் என்று நினைக்காதே. அடுத்த நாள் விடிய முதல் எழுந்து தோணியை இறக்கிவிட்டு நின்றார்.

லூசியாவின் வீட்டில் எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தது, பக்கத்தில் கருப்பட்டி. நான் அதையும் தொடவில்லை. "இதுவும் ஆகாதோ எங்கட வீட்டில?" என்றாள் அவள் தாய். நான் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, புண்ணில் கட்டியிருந்த சீலைத் துணியை அவிழ்த்து, காலை அவளுக்கு நேரே நீட்டினேன். பெண் கேட்டு வந்த வீட்டில் நடுக்கூடத்தில் புண்ணைக் காட்டின மாப்பிள்ளைத் தாய் நானாகத்தான் இருப்பேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், சலரோகம், குழாய், அன்னம்மாள், மாமி. எறும்பை இந்தத் தரம் நானாகவே விட்டுவிட்டேன். உன் அப்பா சேர்த்துக்கொண்டார்.

லூசியாவின் தாய் சிரிக்கவில்லை. "இதை அண்டைக்குச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கேல்லையோ? ஊரெல்லாம் என்ட பிள்ளையைத்தான் குறை சொல்லுது. இப்ப நீங்க காலைக் காட்டினா அது ஊருக்குத் தெரியுமோ? தெருத் தெருவாக் காலைக் காட்டிக்கொண்டு போவீங்களோ?"

"போவன் மச்சாள். தள்ளுவண்டி ஒண்டு பிடிச்சுத் தாங்க."

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "கதை எல்லாம் சரி. சோறு தின்னாமச் சம்மந்தம் எப்பிடி? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன சாட்சி சொல்ல?"

வழியெல்லாம் யோசித்தும் அந்த இடத்துக்கு மேல் என் மூளை போகவில்லை. தாய் எழுந்து ஏதோ சொல்ல வாய் எடுத்தாள், அது போய் வாருங்கள் என்பதாகத்தான் இருந்திருக்கும். அப்போது குசினி வாசலில் நின்ற லூசியா கேட்டாள்.

"மாமா, இலையில முதல் வச்சு மற்றதை எல்லாம் சுத்திவர வைக்கிறமே, அதைத்தானே சோறெண்டு சொல்லுறம்?"

"ஓம். அதுக்கு?"

"அப்ப நான் வைக்கிறதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

உள்ளே போனாள். அம்மி, தேங்காய்த் திருவலை, சட்டி எல்லாம் சத்தம் போட்டன. அன்று அவர்கள் வீட்டில் பால்சுறா இருந்தது. அதை அவித்து, தோலை நீக்கி, பூப் பூவாக உதிர்த்து, துருவின தேங்காயும் வெங்காயமும் சேர்த்து, மஞ்சள் போடாமல் வறுத்திருக்கிறாள். சுறா வறைக்கு மஞ்சள் போடாதவளை நான் கண்டதில்லை. இலையின் நடுவில் குவித்து வைத்தாள். வெள்ளை வெளேரென்று ஆவி பறக்க நின்றது. எனக்குக் கண் கலங்கியது பசியிலா வேறு எதனாலா என்று கேட்காதே. நான் கையை நீட்டப் போனேன். "பொறுங்க மச்சாள்" என்றாள் தாய். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவள் குசினிக்குள் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்று உலையை இறக்கி, அப்படியே கொண்டுபோய்ப் பின்வளவில் பன்றித் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள். பிறகு தமையனுக்கு இலை போட்டாள், உன் அப்பாவுக்குப் போட்டாள், தனக்கும் மகளுக்கும் போட்டாள். எல்லா இலையிலும் நடுவில் சுறா வறை.

"இண்டைக்கு இந்த வீட்டில எல்லாரும் திங்கிறது இதைத்தான். சம்மந்தி அம்மா வேற, நாங்க வேற எண்டு ஒருத்தனும் சொல்லக்கூடாது. எடுங்க. முதல் பிடி."

எடுத்தேன், மகன். விரலால் நன்றாகப் பிசைந்து எடுத்தேன். இறைச்சியைத் தொடவில்லை, குழம்பைத் தொடவில்லை, நடுவில் இருந்ததை மட்டும் முதலில் தின்றேன். தாய்மாமன் தன் பிடியைத் தின்றுவிட்டு, "சோறுதான்" என்றார். இன்னொரு பிடி கேட்டும் வாங்கினார். அவருக்கு ஏன் இவ்வளவு ருசிக்கிறது என்று எனக்குச் சந்தேகம், அவர்கள் வளவிலும் எறும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல நினைத்தேன். புதுச் சம்மந்தம் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே உன் கல்யாணம் நடக்கும். இனி நான் சொல்வதைக் கேள். அந்தப் பிள்ளை கேள்வி கேட்கிறவள், கேட்க விடு. உனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால், ஒன்று முடியாது என்றால், காரணத்தை வாய் திறந்து சொல்லு. பேசாமல் இருந்தால் மற்றவர்கள் உனக்காக ஒரு காரணம் செய்துகொள்வார்கள், அது எப்போதும் உன் காரணத்தைவிடக் கெட்டதாகத்தான் இருக்கும். இந்த வருத்தம் தாயிலிருந்து பிள்ளைக்கு இறங்கலாம் என்று ஐயா சொல்கிறார். நீ கொழும்பில் எங்கே ஒதுங்குகிறாயோ தெரியாது, அங்கே எறும்பு வந்தால் யாரையும் ஏசாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. சோற்றை விட வேண்டி வந்தால் முதலில் லூசியாவிடம் சொல்லு, பிறகு விடு. குழாய் இப்போது எனக்குப் பச்சையில் நிற்கிறது, ஒரு நாள் நீலமாகவே இருந்தது. அன்று நான் ஐயாவின் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். "துள்ளாதீங்க அம்மா, இது போகிற வருத்தம் இல்ல, சொல்லுக் கேக்கிற வருத்தம்" என்றார். அது ஏன் சொல்லுக் கேட்கிறது, சோறு எப்படிச் சீனியாகிறது, கொழுப்பு ஏன் ஆகவில்லை என்று நான் ஒவ்வொரு தரமும் கேட்கிறேன். அவருக்கும் முழுக்கத் தெரியாது போல. தெரிந்த அளவுக்குச் சொல்கிறார், மிச்சத்துக்குத் தேத்தண்ணி தருகிறார், சீனியில்லாமல்.

சம்மந்தம் முடிந்த இலையில் மாப்பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு என்று உன் வருங்கால மாமி அந்தச் சுறா வறையில் ஒரு பிடியை வாட்டின வாழையிலையில் கட்டித் தந்தாள். லூசியாவின் கையாலேயே கட்டினது. அடுத்த நாள் விடியக் கொழும்புக்குப் போகிற கருவாட்டு ஆளிடம் கொடுத்தால் இரவுக்குள் உனக்குக் கிடைக்கும் என்று உன் அப்பா சொன்னார். கோச்சியில் வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தோணியிலும் வைத்திருந்தார். கற்பிட்டிக் கரைக்கு வந்ததும் என்னைக் கைபிடித்து இறக்க வேண்டும் என்று பொட்டலத்தைத் தோணியின் முன் அணியத்தில் வைத்தார். செம்பருந்து ஒன்று வந்து அதை எடுத்தது. அப்பா "ஏய்" என்றார். உன் பங்கோடு அது குறிஞ்சிப்பிட்டி ஊர்ப் பக்கமாகப் போனது.